உள்ளே விட்ட துணி

ஜூன் 9, ஞாயிறு

கொழுந்தன் பாலாவுக்கு இன்று உடன்குடியில் நிச்சயதார்த்தம். கல்யாணம் செப்டம்பர் ஒன்றாம் தேதி. பெண் கனகா நல்ல மாதிரி. சாப்பாடும் நல்ல மாதிரி. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது, பெண் வீட்டில் பச்சைப் பட்டு கட்டிய ஓர் அத்தை என் வயிற்றைப் பார்த்து, "எத்தனாவது மாசம்மா?" என்று கேட்டார்.

வயிற்றில் இருந்தவள் பிறந்து இரண்டு மாதமாகிறது. மூன்றடி தள்ளி, புஷ்பம் மைனியின் மடியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வாய் முந்திக்கொண்டது. அந்த அத்தை என் கன்னத்தைத் தடவி, திருஷ்டி கழித்து, இரண்டு லட்டு கூடுதலாக வைத்தார். அதையும் தின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் எடை பார்த்தேன். 72.4. கல்யாணத்துக்கு முன் 56. செப்டம்பர் ஒன்றுக்குப் பன்னிரண்டு வாரம் இருக்கிறது. வாரம் ஒரு கிலோ என்றால் 60. நான் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு டீச்சர். இதைவிடச் சுலபமான கணக்கை நான் பரீட்சையில் கொடுத்ததில்லை.

பாலா கல்யாணத்தில் என் முகூர்த்தப் பட்டைத்தான் கட்டப்போகிறேன். அதே ப்ளவுஸோடு.

ஜூன் 10, திங்கள்

போனில் ஒரு கலோரி செயலி இறக்கினேன். வயது, உயரம், எடை கேட்டது. வேலை எப்படி என்று கேட்டது. பிரசவ விடுப்பில் இருப்பதால் "பெரும்பாலும் உட்கார்ந்து" என்று போட்டேன். ஒரு நாளைக்கு 1200 கலோரி என்று தீர்ப்பு சொன்னது.

மதியம் புஷ்பம் மைனி சுறாப்புட்டு கொண்டுவந்தார். மைனி இவருடைய அக்கா. கீழ் வீட்டில் குடியிருக்கிறார். வாசல் அறையில் தையல் கடை. அவர் வீட்டுக்காரர் மஸ்கட்டில். எனக்கு மாமியார் இல்லாத குறையை மைனியே தீர்த்துவைக்கிறார், இரண்டு மாமியார் அளவுக்கு. பால் ஊறுவதற்காக வாரம் மூன்று நாள் சுறா, தினம் பூண்டுக் குழம்பு, சாயங்காலம் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி.

செயலியில் சுறாப்புட்டு இல்லை. சுறாவே இல்லை.

"மைனி, இது எத்தனை கிராம் இருக்கும்?"

"கிராமா? கைக்கு வந்தத அள்ளி வெச்சேன். நகைக்கடையா நடத்துதேன்?"

பாதியை இவர் தட்டில் ஒதுக்கிவிட்டேன். இவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். தட்டில் விழுவதைக் கேள்வி கேட்காமல் அப்புறப்படுத்துவது தொழில் பழக்கம்.

ஜூன் 16, ஞாயிறு

71.1.

பட்டு ப்ளவுஸைப் போட்டுப் பார்த்தேன். ஞாயிறுதோறும் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. கை ஏறியது. மூச்சை இழுத்துப் பிடித்தும் முன்பக்கம் இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்கவே மறுத்தன. நடுவில் நான்கு விரல் இடைவெளி. கொக்கிகள் ஏழும் சும்மா தொங்கின.

மைனி பார்த்துவிட்டு, "உள்ள துணி விட்டுத்தான் தச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் பிரிச்சு விட்டா முடிஞ்சுது. கொடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஒரு நூல்கூடப் பிரிக்கக் கூடாது மைனி. ப்ளவுஸ் மாறக் கூடாது. நான்தான் மாறணும்."

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். டீச்சர் என்று அவர் சொன்னால் கிண்டல் என்று அர்த்தம்.

ஜூன் 19, புதன்

செந்தூரிக்குப் பத்தாவது வாரத் தடுப்பூசி. ஐந்து கிலோ நூறு. "நல்ல ஏத்தம்" என்றார் ஜூலியட் சிஸ்டர். எனக்கு நல்ல இறக்கம். 70.6.

ஜூன் 27, வியாழன்

69.7. காலையில் ஒரு இட்லி, மதியம் ஒரு கை சோறு, இரவு போதும் என்று தோன்றியது. துவைத்த துணியை எடுத்துக்கொண்டு எழுந்தபோது கொஞ்சம் தலை சுற்றியது. தூத்துக்குடி வெயில் அப்படி.

இவர் பேண்ட் இறுக்கமாக இருக்கிறது என்கிறார்.

ஜூலை 3, புதன்

செந்தூரிக்கு என் மேல் என்னவோ கோபம். முக்கால் மணி நேரம் குடிக்கிறாள், விட்டுவிட்டு அழுகிறாள், மறுபடி பிடிக்கிறாள், மறுபடி அழுகிறாள். பல் முளைக்கிறது போல.

மைனியிடம் சொன்னேன். "மூணு மாசத்துலயா?" என்று கேட்டுவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு எங்கள் சமையலறையைப் பார்த்தார்.

ஜூலை 7, ஞாயிறு

68.6. ஏறத்தாழ நான்கு கிலோ போயிருக்கிறது! ஆனால் ப்ளவுஸில் மூன்றரை விரல் இடைவெளி. நான்கு கிலோவுக்கு அரை விரல் என்றால், மூன்றரை விரலுக்கு இருபத்தெட்டு கிலோ. கணக்கு சரிதான். விடைதான் சரியில்லை.

ஜூலை 10, புதன்

செந்தூரி சமர்த்தாகிவிட்டாள். ஈரத் துணி மாற்றுவதே குறைந்துவிட்டது. நேற்று நான்குதான். பாதி வேலை மிச்சம்.

ஜூலை 17, புதன்

இதை எழுதப் பிடிக்கவில்லை. எழுதாமல் விட்டால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும்.

பதினான்காவது வாரத் தடுப்பூசி. மைனியும் வந்தார். எடைத் தட்டில் செந்தூரியைக் கிடத்திவிட்டு ஜூலியட் சிஸ்டர் முள்ளைப் பார்த்தார். எடுத்து மறுபடி கிடத்தினார். ஐந்து கிலோ முந்நூறு.

"நாலு வாரத்துல இருநூறு கிராம்தான் ஏறியிருக்கு. குறைஞ்சது ஐநூறு, அறுநூறு வந்திருக்கணும். ஒரு நாளைக்கு எத்தனை தடவ ஒண்ணுக்குப் போறா?"

"மூணு... நாலு."

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். "நீ என்னம்மா சாப்பிடுற?"

நான் வாய் திறப்பதற்குள் மைனி ஆரம்பித்துவிட்டார். "காலையில அஞ்சு இட்லி சிஸ்டர், மத்தியானம் மீனு, புட்டு, பூண்டுக் கொழம்பு, சாயங்காலம் களி, ராத்திரி நாலு தோசை. கொறையே வைக்கல. நாந்தானே குடுக்கேன்."

ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். எல்லாம் உண்மை. ஒன்று விடாமல் கொடுத்திருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"அதெல்லாம் நான் சாப்பிடல சிஸ்டர்" என்றேன். "இவருக்கும் காக்காவுக்கும் வெச்சிட்டேன்."

மைனியின் மடங்கிய விரல்கள் அப்படியே இருந்தன.

சிஸ்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செயலியை வாங்கிப் பார்த்தார். "இதுல பால் கொடுக்குறீங்களான்னு எங்கயாவது கேட்டுச்சா? பால் கொடுக்குற உடம்புக்கு மத்தவங்களைவிட ஒரு ஐநூறு கலோரி கூட வேணும். நீ பாதியாக்கிட்ட. நல்லா சாப்பிட்டுக்கிட்டே பால் கொடு, உடம்பு தானா மெதுவா குறையும். மாசத்துக்கு ஒரு கிலோ போனாலே நிறைய. பால்பொடிக்கு அவசரப்படாத. அடிக்கடி போடு, தண்ணி குடி, பசிக்குச் சாப்பிடு. மூணு வாரம் பாப்போம். ஏறலைன்னா டாக்டர்கிட்ட அனுப்பிருவேன்."

ஆட்டோவில் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் சாப்பிடும் தட்டில் ஒருத்திக்கு மட்டும் கணக்குப் போட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் யாராவது இப்படிப் போட்டிருந்தால் விடைத்தாளில் முட்டை வரைந்திருப்பேன். பல்லாம். சமர்த்தாம். என் பிள்ளை பசித்து அழுதிருக்கிறாள்.

அழுதேன். செந்தூரியும் அழுதாள். இவர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டுத் தானும் அழுதார். "நான் ஏன் கேக்காமத் தின்னேன்?" என்பது அவர் வருத்தம்.

ஜூலை 18, வியாழன்

காலையில் மைனி தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார். ஐந்து இட்லி. நான் மூன்றாவதில் இருக்கும்போது பேசினார்.

"எங்க மாமியாரு பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணி குடுத்தா வயிறு பெருக்கும்னு ஒரு சொம்புக்கு மேல தரமாட்டாக. மீனு குடுத்தா பிள்ளைக்கு மாந்தமாம். வெறும் சோறும் மொளகு ரசமும். மூணாவது மாசம் எனக்குப் பால் நின்னு போச்சு. பிரபு பட்டினியில கத்துன கத்து இன்னும் காதுல கெடக்கு. நான் கெடைக்காமப் பட்டினி கெடந்தேன் சுதா. நீ கெடச்சும் கெடக்க."

நான்காவது இட்லியை எடுத்தேன். மைனி தண்ணீரை நகர்த்தி வைத்தார். இப்போது நாகர்கோவிலில் இன்ஜினியரிங் படிக்கும் பிரபுவைப் பற்றி இந்தக் கதையை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.

"ப்ளவுஸ்?" என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தப் பச்சைப் பட்டு அத்தை மனதில் இருந்து இறங்கவில்லை.

"நீ தின்னு. ப்ளவுஸ் தானா ஏறும்."

"அது எப்படி மைனி ஏறும்?"

"கணக்கு ஒனக்குத் தெரியும். துணி எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை போட்டுப் பாரு. இடையில எங்கிட்ட குடு, பட்டுல வேர்வ நின்னா கறை புடிச்சிரும். நெழல்ல ஆத்தி வைக்கேன்."

ஜூலை 21, ஞாயிறு

68.4. நான்கு நாளாக எல்லாம் சாப்பிடுகிறேன். களிகூட. ப்ளவுஸைப் பயந்துகொண்டே போட்டேன். இடைவெளி இரண்டரை விரல்!

அதெப்படி? மைனியைக் கேட்டேன். "பட்டினி கெடந்த ஒடம்பு உப்பி நிக்கும். சாப்புட்டா அமுங்கும்" என்றார். கேட்க அறிவியல் மாதிரித்தான் இருந்தது.

ஜூலை 24, புதன்

புதிய கணக்கு கண்டுபிடித்தேன். செந்தூரியை இடுப்பில் வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறுவது. பிறகு அவளை மைனியிடம் கொடுத்துவிட்டுத் தனியாக ஏறுவது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் செந்தூரி. இன்று 5.6. அதற்குப் பிறகு என் எடை என்ன என்று குறித்துவைக்க மறந்துவிட்டது. அது கழிக்கப்படும் எண், அவ்வளவுதான்.

"எவ்வளவு?" என்று மைனி உடனே கேட்டார். ஐந்து அறுநூறு என்றேன். தலையை ஆட்டிக்கொண்டே கீழே போனார்.

ஈரத் துணி ஏழு. துவைக்கக் கை வலிக்கிறது. சந்தோஷமாக இருக்கிறது.

ஜூலை 28, ஞாயிறு

இரண்டு கொக்கி மாட்டியது! ஆனால் மெஷின் 68.9 காட்டுகிறது. அரைக் கிலோ கூடியிருக்கிறதாம். பேட்டரி போய்விட்டது போல. இவரை அனுப்பிப் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். 69.0.

பேட்டரியும் மட்டம்.

ஆகஸ்டு 4, ஞாயிறு

நான்கு கொக்கி! 68.8. காரணம் கண்டுபிடித்துவிட்டேன். செந்தூரியைத் தூக்கிக்கொண்டு மாடியில் அரை மணி நேரம் நடக்கிறேனே, அதனால் கொழுப்பு தசையாக மாறுகிறது. தசைக்கு இடம் குறைவு, எடை அதிகம். எடை அப்படியே நிற்க, உருவம் சுருங்குகிறது. ஒரு தாளில் படம் போட்டு மைனிக்கு விளக்கினேன். மைனி டீ குடித்துக்கொண்டிருந்தார். புரையேறிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையில் தட்டினேன்.

"நீ படிச்சவ. சரியாத்தான் இருக்கும்" என்றார்.

ஆகஸ்டு 7, புதன்

ஐந்து கிலோ தொள்ளாயிரத்து ஐம்பது!

மூன்று வாரத்தில் அறுநூற்றைம்பது கிராம். ஜூலியட் சிஸ்டர் அட்டையில் புள்ளி வைத்து, பழைய புள்ளியோடு கோடு சேர்த்தார். நான் கரும்பலகையில் எத்தனையோ வரைபடம் போட்டிருக்கிறேன். இப்படி ஒரு கோடு மேலே ஏறி நான் பார்த்ததில்லை. "டாக்டர் வேணாம்" என்றார் சிஸ்டர். மைனி அந்த அட்டையை வாங்கி, தேதி, எடை எல்லாம் உதட்டசைத்துப் படித்தார்.

வரும் வழியில் மக்ரூன் வாங்கினோம். ஆளுக்கு நூறு கிராம். கலோரி எத்தனை என்று யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

ஆகஸ்டு 11, ஞாயிறு

ஐந்து கொக்கி. செந்தூரி 6.0.

கீழே மைனி மடியில் இருந்துவிட்டு வந்த செந்தூரியின் கைக்குள் அரக்கு நிறத்தில் நூல் துணுக்கு. பிரித்தெடுக்கப் பாடாகிவிட்டது. கல்யாண சீசன், மைனிக்கு யாரோ அரக்குப் பட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார்கள் போல. என் ப்ளவுஸ் மாதிரியே.

ஆகஸ்டு 18, ஞாயிறு

ஆறு. ஏழாவது கொக்கிதான் முரண்டு பிடிக்கிறது. நெஞ்சுக்கு நேராக உள்ளது. அங்கேதான் செந்தூரியின் சோறு இருக்கிறது, நான் என்ன செய்ய முடியும்? "ஏழாவதுக்கு சேஃப்டி பின் குத்திக்கிறேன் மைனி" என்றேன். மைனி ப்ளவுஸை வாங்கி, திருப்பிப் பார்த்து, ரொம்ப நேரம் யோசனையில் இருந்தார். ஒரு கொக்கிக்கு இவ்வளவு யோசனையா?

ஆகஸ்டு 25, ஞாயிறு

ஏழு!! ஏழும்!! மூச்சு விட்டேன், கையைத் தூக்கினேன், குனிந்தேன். ஒன்றும் தெறிக்கவில்லை. இவர் கை தட்டினார். இவருக்கு இப்போது 81 கிலோ. தட்டில் மிச்சம் விழாததால் ஏங்கிப்போயிருக்கிறார்.

மெஷின் 68.1. அதை இனி நம்புவதாக இல்லை.

மைனியும் தன் கல்யாணப் பட்டைத்தான் கட்டுவதாக இருந்தது. அதுவும் அரக்குதான், இருவரும் ஜோடியாக நிற்கலாம் என்று நினைத்திருந்தேன். "அத எலி கடிச்சிட்டு. நீலத்தக் கட்டிக்கிடுதேன்" என்கிறார். மைனியின் பீரோவுக்குள் எலியா? ஊசி தொலைந்தாலும் அது கிடக்கும் இடத்தைச் சொல்லும் மனுஷி.

செப்டம்பர் 2, திங்கள்

நேற்றுக் கல்யாணம். நல்லபடியாக நடந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்க நின்றேன். பச்சைப் பட்டு அத்தை வந்தார். இந்த முறை மஞ்சள் பட்டு. என்னை அடையாளம் கண்டுகொண்டு, கீழிருந்து மேலாகப் பார்த்து, மனதுக்குள் கணக்குப் போட்டு, "அப்ப எட்டு மாசம் ஆயிட்டே! இப்பம் போயி நின்னுக்கிட்டு கெடக்க? உக்காரும்மா" என்றார்.

ஜூனில் ஐந்து என்று சொன்னேன் அல்லவா? மூன்று கூட்டியிருக்கிறார். இந்தக் கல்யாணத்தில் ஒழுங்காகக் கணக்குப் போடும் ஒரே ஆள் அவர்தான்.

மூன்று மாதத்துக்கு முன் இதைக் கேட்டிருந்தால் மண்டபத்தை விட்டே ஓடியிருப்பேன். நேற்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. அடக்கவே முடியவில்லை. மைனி இடுப்பில் இருந்த செந்தூரியை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். "பொறந்துட்டு அத்தை. ஆறு கிலோ எழுநூறு." அத்தை கனம் தாங்காமல், "ஆத்தி!" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தாலி கட்டும் நேரத்தில் மேளம் உச்சத்துக்குப் போக, செந்தூரி வீறிட, எனக்குப் பால் சுரந்து ப்ளவுஸ் நனைந்துவிட்டது. அவளைத் தூக்கிக்கொண்டு மணப்பெண் அறைக்கு ஓடினேன். பட்டு ப்ளவுஸைக் கழற்றி, மைனி பையில் வைத்திருந்த பருத்தி ப்ளவுஸைப் போட்டுக்கொண்டு, அவளுக்குப் பால் கொடுத்தேன். நனைந்த ப்ளவுஸை உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி, ஃபேனுக்கு அடியில் நாற்காலியில் விரித்தேன்.

செந்தூரி குடித்துக்கொண்டிருந்தாள். நான் ப்ளவுஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத் தையல் ஓரமாக ஊசித் துளைகள். ஒரு வரிசை. அரை அங்குலம் தள்ளி இன்னொரு வரிசை. அதற்கு அப்பால் இன்னொன்று. இரட்டைக் கோடு நோட்டு மாதிரி நேராக, பிரித்துப் பிரித்துத் தைத்த தடம். துணியின் கடைசி விளிம்பு வரைக்கும் வந்தாகிவிட்டது. உள்ளே விட்டிருந்த துணி துளிகூட மிச்சமில்லை. அக்குளுக்குக் கீழே புதிதாக ஒரு பட்டி. அரக்குதான், ஆனால் இந்த அரக்கு இல்லை. கொஞ்சம் பழசு.

கொழுப்பு தசையாக மாறுகிறதாம். படம் வேறு போட்டுக் காட்டினேன். பேட்டரி மாற்றினேன். ஒரு மாதத்துக்கு மேலாக ஸ்கேலே நகர்ந்துகொண்டிருந்திருக்கிறது, நான் கோட்டை அளந்திருக்கிறேன்.

மைனி உள்ளே வந்தார். விரித்திருந்த ப்ளவுஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் செந்தூரியைத் தோளிலிருந்து இறக்கினேன்.

"புள்ளைக்கு ஏப்பம் எடுத்து விட்டியா?" என்றார்.

"எடுத்தாச்சு மைனி."

"அப்பம் வா. பந்தி போட்டாச்சு."

இரண்டாவது முறை பாயசம் கேட்டு வாங்கினேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

என் எடையைக் குறிக்கவில்லை. என்னைக் கழித்துப் பார்த்ததில் செந்தூரி 6.9.

புதுப்பெண் கனகா தலைதீபாவளிப் பட்டுக்கு இப்போதே ப்ளவுஸ் அளவு கொடுக்க வந்தாள். மைனி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "சுதா, அளவு நோட்ட எடு. நான் சொல்லச் சொல்ல எழுது" என்றார். நீள நோட்டு. ஒரு ஆளுக்கு ஒரு பக்கம். காலிப் பக்கம் தேடிப் புரட்டும்போது என் பெயர் வந்தது.

சுதா. கல்யாண ப்ளவுஸ்.
ஜூலை 20. அரை இஞ்ச் விட்டேன். புள்ள 5.300.
ஜூலை 27. அரை. புள்ள 5.600.
ஆகஸ்டு 3. ஒண்ணு. மறுநாளு கேட்டா தசைங்கா.
ஆகஸ்டு 10. அரை. புள்ள 6.
ஆகஸ்டு 17. அரை. உள்துணி தீந்துட்டு.
ஆகஸ்டு 24. என் சேலையில நாலு விரல் எடுத்துப் பட்டி வெச்சேன். புள்ள 6.500. சுதா நல்லா சாப்புடுதா.

எழுத்து கலங்கிவிட்டது. எலி இல்லை. எனக்கு ஒரு கொக்கி மாட்டுவதற்காகத் தன் கல்யாணச் சேலையில் கத்தரி வைத்திருக்கிறார். நான் இத்தனை நாள் எழுதிய இந்த நாட்குறிப்பைவிட அந்த ஆறு வரியில் என் மகளைப் பற்றி உண்மை அதிகம். எனக்கு மைனியைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போல இருந்தது. கனகா முன்னால் அழுதால் புதுப்பெண் பயந்துவிடும்.

"என்னட்டி, நோட்டப் பாத்துக்கிட்டே நிக்க?" என்றார் மைனி, திரும்பாமலே. "மார்பு முப்பத்திரெண்டு. எழுது."

எழுதினேன். இடுப்பு, தோள், கை நீளம் எல்லாம் எழுதினேன்.

கனகா ஒல்லி. கண்ணாடியில் பார்த்து, "டைட்டாவே தச்சிருங்க அக்கா" என்றாள்.

"தச்சிருவோம்" என்ற மைனி என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "உள்ள ரெண்டு இஞ்ச் துணி விடணும்னு ஓரத்துல போட்டு வையி. நாளப்பின்ன அவளும் பிள்ள பெறுவா" என்றார்.

நான் மூன்று என்று எழுதினேன்.